ஓம உப்பும் கொக்கிப்புழுவும்

பல ஆண்டுகளுக்கு முன், இடைநிலைப் பள்ளியொன்றின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில், அலமாரியின் பின்வரிசையில் தூசி படிந்து கிடந்த சிறு கண்ணாடிப் புட்டி ஒன்றைத் திறக்க நேர்ந்தது. உள்ளே வெண்ணிறப் படிகங்கள். மேலே ஒட்டிய சீட்டில் தைமால் என்னும் பெயர். மூடியைக் கழற்றியதுதான் தாமதம், அருகில் நின்ற மாணவி ஒருத்தி, "ஐயா, இது எங்கள் பாட்டி கொடுக்கும் ஓமத்தண்ணீர்!" என்றாள். மற்ற மாணவர் சிரித்தனர். ஆயினும் அவள் சொன்னது பிழையன்று. ஐரோப்பிய வேதியியலார் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் முயன்று கண்ட உண்மையை அவள் மூக்கு ஒரு நொடியில் கண்டுவிட்டது.

அந்தப் புட்டியில் இருந்த பொருளுக்கு நீண்ட வரலாறு உண்டு. அது மத்தியதரைக் கடற்கரையின் கல்லடர்ந்த குன்றுகளில் தொடங்கி, பெர்லின் நகரத்து மருந்தகத்தையும் ஆல்ப்ஸ் மலைச் சுரங்கத்தையும் கடந்து, கடைசியில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களையும் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களையும் வந்தடைகிறது. நம் பாட்டன் பாட்டியர் அந்த வரலாற்றில் மருத்துவராக இடம் பெறவில்லை. மருந்து விழுங்கியவர்களாகவே இடம் பெற்றனர். அதனாலேயே அதனை நாம் அறிந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன்.

தைம் என்பது முழங்கால் உயரமும் வளராத ஒரு குற்றுச்செடி. துளசியும் கற்பூரவல்லியும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. தென்பிரான்சு, இசுபெயின், இத்தாலி ஆகிய நாடுகளின் வறண்ட சுண்ணாம்புக் குன்றுகளில், யாரும் விதைக்காமலும் நீர் ஊற்றாமலும் தானே முளைத்துப் படர்கிறது. வெயில் ஏறஏற அந்தக் குன்றுகள் முழுவதும் மணக்கும். பழங்காலக் கிரேக்கர் வேள்வித் தீயில் நறும்புகை எழுப்புதலைக் குறித்த சொல்லே இச்செடிக்குப் பெயராயிற்று என்பர். நம் முன்னோர் சாம்பிராணியும் அகிலும் இட்டுப் புகைத்ததோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1719ஆம் ஆண்டில் பெர்லினில் அரண்மனை மருந்தாளராக விளங்கிய காஸ்பர் நாய்மன் என்பவர் தைம் செடியின் எண்ணெயிலிருந்து ஒரு திண்பொருளைப் பிரித்தெடுத்தார். மணமுள்ள வெண்படிகம் எதனைக் கண்டாலும் கற்பூரம் என்றழைப்பது அக்கால வழக்கம். ஆகவே அவரும் அதனைத் தைமின் கற்பூரம் என்றார். 1853இல் பிரெஞ்சு வேதியியலார் அலெக்சாந்தர் லாலமான் அதன் அணுக்கணக்கை நிறுவித் தைமால் என்று பெயரிட்டார். அதே பத்தாண்டில் ஸ்காட்லாந்து நாட்டவரான ஸ்டென்ஹவுஸ் இந்திய ஓமத்தின் எண்ணெயை ஆராய்ந்து, அதிலிருந்து உறைந்து படியும் பொருளும் தைமாலே என்று காட்டினார்.

இந்தியக் கடைவீதிகளில் அதற்கு முன்பே அந்தப் படிகம் விற்பனையாயிற்று. வடநாட்டார் அதனை ஓமத்தின் பூ என்றனர். நம் மருந்துக் கடைகளில் ஓம உப்பு என்பர். அது பூவுமன்று, உப்புமன்று. ஆயினும், கண்ணால் கண்டதைக் கொண்டு பெயரிட்ட நம் கடைக்காரரை, தைமின் கற்பூரம் என்று பெயரிட்ட பெர்லின் மருந்தாளரை விடத் தாழ்ந்தவர் என்று சொல்ல இயலாது. இருவரும் ஒரே வகைத் தவற்றைத்தான் செய்தனர்.

வியப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. தைம் துளசிக் குடும்பம். ஓமமோ கொத்துமல்லியும் சீரகமும் சேர்ந்த குடும்பம். ஒன்று குன்றில் தானே வளர்வது. மற்றொன்று வயலில் விதைக்கப்படுவது. ஒன்றில் மணம் இலையில். மற்றொன்றில் விதை போன்ற சிறு கனியில். இவ்வளவு வேறுபட்ட இரண்டு செடிகள் எங்ஙனம் ஒரே பொருளைச் செய்தன?

இதற்கு விடை காண, மண எண்ணெய் என்பது எத்தகையது என்று முதலில் தெரிந்து கொள்ளுதல் நலம். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் முதலியன செடி தன் விதையில் சேமித்து வைக்கும் உணவு. காகிதத்தில் ஒரு துளி விட்டால் கறை நீங்காது. மண எண்ணெயோ காற்றில் பறந்துவிடும், கறை எஞ்சாது. தைம் இலையை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், மேற்புறத்தில் சின்னஞ்சிறு கொப்புளங்கள் போன்ற சுரப்பிகள் தெரியும். எண்ணெய் அவற்றில்தான் அடைபட்டிருக்கிறது. ஓமத்தில் கனியின் தோலுக்குள் நீண்ட நாளங்களாக அது தங்கியிருக்கிறது. கசக்கினால் சுரப்பி உடைந்து மணம் வீசுகிறது. நீராவியைச் செடியினூடே செலுத்தினால், ஆவி எண்ணெயையும் உடன் சுமந்து செல்கிறது. குளிர்ந்ததும் நீர் கீழும் எண்ணெய் மேலுமாகப் பிரிகின்றன. தைமாலின் கொதிநிலை 230 பாகைக்கு மேற்பட்டது. ஆயினும் நீராவியோடு சேர்ந்து 100 பாகைக்கும் குறைந்த வெப்பத்திலேயே அது வெளிவந்துவிடுகிறது. அடியில் தங்கும் மணநீரே நாம் அறிந்த ஓமத்தண்ணீர். நூறு பங்கு ஓமத்தில் எண்ணெய் ஏறக்குறைய 2 முதல் 4 பங்கு. அதில் பாதியளவு வரை தைமாலாக இருக்கும்.

தைமால் மூலக்கூற்றில் 10 கரியணுக்கள், 14 நீரக அணுக்கள், ஓர் உயிர்வளி அணு உண்டு. இந்தப் பத்து என்னும் எண் தற்செயலானதன்று. செடிகள் ஐந்து கரியணு கொண்ட ஒரு செங்கல்லை வைத்துக்கொண்டே தம் மணப்பொருள்களைக் கட்டுகின்றன. இரண்டு செங்கற்களை இணைத்தால் பத்து. இவ்வாறு அமைந்தவற்றைத் தெர்ப்பீன் இனம் என்பர். எலுமிச்சைத் தோலின் மணமும், புதினாவின் குளிர்ச்சியும், கற்பூரத்தின் காரமும் இவ்வினத்தனவே. ரப்பர் மரத்தின் பாலும் இதே ஐங்கரிச் செங்கல்லை ஆயிரக்கணக்கில் அடுக்கிச் செய்த நீள் சங்கிலிதான். பால்மரக் காட்டில் வெட்டுக்கத்தி பிடித்தவர் கையில் வழிந்ததும், அவர் குழந்தையின் வயிற்றுவலிக்கு ஊட்டிய ஓமநீரில் மணத்ததும் ஒரே அடிப்படைக் கட்டுமானத்தின் இருவேறு வடிவங்கள் என்பதை மாணவர்க்குச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் விழி விரிவதைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே, வேறுபட்ட செடிகள் ஒரே பொருளைச் செய்வதில் மாயம் ஒன்றுமில்லை. செங்கல் எல்லாச் செடிகளிடமும் உண்டு. அதனை வளைத்தும் மடித்தும், காமா தெர்ப்பினீன் என்னும் பொருளாக்கி, அதன் வளையத்தை இறுக்கி, ஓர் உயிர்வளி அணுவைச் சேர்க்கும் நொதிகள் இரு குடும்பங்களிலும் தனித்தனியே தோன்றியிருக்கின்றன. உயிர்வளி ஓரிடத்தில் சேர்ந்தால் தைமால். சற்றுத் தள்ளிச் சேர்ந்தால் கார்வக்ரால். முன்னது ஐம்பது பாகை வெப்பத்தை நெருங்கினால்தான் உருகும் படிகம். பின்னது நம் நாட்டு வெப்பத்தில் நீர்மம். நம் வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவல்லிக்கு ஓமவல்லி என்றொரு பெயரும் உண்டு அல்லவா? அதன் இலையில் மணப்பனவும் இவ்விரண்டே. ஓமத்துக்கும் ஓமவல்லிக்கும் செடியியல் முறையில் உறவில்லை. உறவு மணத்தில் மட்டுமே உண்டு. அந்த உறவைப் பெயரிலேயே பொறித்து வைத்த தமிழரின் மூக்கைப் பாராட்டத்தான் வேண்டும்.

தெர்ப்பீன்களின் சிக்கலை அவிழ்த்த பெருமை ஆட்டோ வாலாக் என்னும் செருமானியரைச் சாரும். பான் பல்கலைக்கழகத்தில் அவருடைய தலைவராயிருந்த கெக்குலேயின் அலமாரியில் மண எண்ணெய்ப் புட்டிகள் பல தொடப்படாமலேயே இருந்தன. அவற்றை ஆராயலாமா என்று வாலாக் கேட்க, உம்மால் ஏதேனும் செய்ய முடியுமானால் செய்யும் என்னும் பொருள்படக் கெக்குலே இசைவளித்தாராம். அந்தப் புட்டிகளோடு தொடங்கிய உழைப்பு கால் நூற்றாண்டு நீடித்து, 1910இல் அவருக்கு நோபல் பரிசைக் கொணர்ந்தது. அலமாரியின் பின்வரிசையைத் துழாவுவது வீண்வேலை அன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

செடி இந்த எண்ணெயை நமக்காகச் செய்வதில்லை. ஓடி ஒளிய இயலாத செடிக்கு அது ஒரு படைக்கலம். இலையைத் தின்ன வரும் பூச்சியையும், இலைமேல் வந்து தங்கும் பூஞ்சணத்தையும் நுண்ணுயிரையும் விரட்டுவதற்கு உதவுகிறது. மனிதர் இதனை நோய்க்கிருமிகளுக்கு எதிராகப் பயன்படுத்தலாம் என்று அறிவியல் முறையில் எண்ணத் தொடங்கியது, கிருமிகளே நோய்க்குக் காரணம் என்று தெளிந்த பின்னர்தான். 1867இல் லிஸ்டர் புண்களைத் தூய்மை செய்யக் கார்பாலிக் அமிலத்தைப் பரிந்துரைத்தார். அது கிருமியைக் கொன்றது. ஆனால் மருத்துவர் கையையும் பொசுக்கியது. கார்பாலிக் அமிலமும் தைமாலும் ஒரே பீனால் இனத்தவை. அக்காளைப் போலவே கிருமியைக் கொல்லும், ஆனால் மணமும் மென்மையும் உடைய தங்கையாகத் தைமாலைக் கண்ட மருத்துவர்கள் 1870களில் அதனைப் புண்கட்டுகளில் முயன்று பார்த்தனர். 1879இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் தோன்றி இன்றும் கடைகளில் விற்கும் லிஸ்டரின் என்னும் வாய்கழுவு நீரிலும் தைமால் உண்டு. பெயரோ லிஸ்டரின் நினைவாக இடப்பட்டது.

1881இல் இராபர்ட் கோக் ஆந்திராக்ஸ் நோயின் விதைநுண்மங்கள் மீது பல பொருள்களைச் சோதித்தபோது டர்ப்பன்டைன் எண்ணெயையும் சோதித்தார். 1887இல் பாரிசில் பாஸ்டரின் துணைவராயிருந்த சாம்பர்லான் ஆந்திராக்ஸ் கிருமியின் மீது பற்பல மண எண்ணெய்களைச் சோதித்து வரிசைப்படுத்தினார். இலவங்கப்பட்டை, கிராம்பு, ஓரிகானோ ஆகியவை அதில் முன்னின்றன. ஓரிகானோ என்பதும் மத்தியதரைக் குன்றுகளின் காட்டுச் செடியே. அதன் ஆற்றல் பெரும்பாலும் கார்வக்ராலிலிருந்து வருகிறது. இத்துறையின் முதல் முறையான ஆய்வுகளில் ஒன்றாக அதனைக் கருதலாம்.

இவை எவ்வாறு கொல்கின்றன என்பது பிற்காலத்தில்தான் விளங்கிற்று. கிருமியின் உடலைச் சூழ்ந்துள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. தைமாலும் கார்வக்ராலும் நீரில் அரிதாகவும் கொழுப்பில் எளிதாகவும் கரைபவை. ஆதலால் சவ்வுக்குள் புகுந்து தங்குகின்றன. அடுக்கி வைத்த செங்கற்களின் இடையே ஆப்பு நுழைந்தாற் போலச் சவ்வு தளர்கிறது. உள்ளிருக்கும் பொட்டாசியமும் ஆற்றல் தரும் பொருளும் கசிந்து வெளியேறுகின்றன. உயிர்வளியோடு ஒட்டிய நீரக அணு சவ்வின் இருபுறத்து மின்வேறுபாட்டைக் குலைக்கத் துணை புரிகிறது என்றும் ஆய்வாளர் கூறுவர். குறிப்பிட்ட ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்னும் முறையில் இது வேலை செய்வதில்லை, சுவரையே ஓட்டையாக்குகிறது. அதனால்தான் பாக்டீரியா, பூஞ்சணம், புழு என்ற வேறுபாடின்றிப் பலவற்றையும் தாக்குகிறது. நம் உடற்கலத்தின் சவ்வும் கொழுப்பே என்பதை இங்கே மறந்துவிடலாகாது. கண்ணாடித் தட்டில் கிருமியைக் கொல்வது எளிது. குருதியில் ஓடச்செய்து மனிதனைக் காயப்படுத்தாமல் கிருமியை மட்டும் கொல்வது அரிது. மண எண்ணெய்கள் பற்றி இன்று மிகைபடப் பேசுவோர் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகின்றனர்.

இனிக் கொக்கிப்புழுவுக்கு வருவோம்.

1838இல் மிலான் நகர மருத்துவர் துபினி, இறந்த பெண்ணொருத்தியின் சிறுகுடலில் அரையங்குல நீளமுள்ள புழுக்களைக் கண்டார். அது கேடு செய்வது என்று பலரும் நம்பவில்லை. 1872இல் தொடங்கிய செயின்ட் கோத்தார்டு மலைச் சுரங்கத்தை வெட்டிய இத்தாலியத் தொழிலாளர் 1880ஆம் ஆண்டளவில் வெளிறி, மூச்சிரைத்து, கூட்டங்கூட்டமாக வீழ்ந்தனர். சுரங்கத்துள் கழிப்பிடம் கிடையாது. வெப்பமும் ஈரமும் நிறைந்த சேற்றில் வெறுங்காலோடு உழைத்தனர். அவர்கள் குடலில் இருந்தது துபினி கண்ட புழுவே. தூரின் நகரத்துப் பேராசிரியர் பொட்சோலோ அவர்களுக்குத் தைமாலைக் கொடுத்துப் புழுவை வெளியேற்றினார். குன்றுச் செடியின் மணப்பொருள் முதன்முறையாக ஒரு தொழிலாளர் கூட்டத்தின் நோய்க்கு மருந்தாயிற்று.

புழு உடலுக்குள் செல்லும் வழியைக் கெய்ரோவில் இருந்த லூஸ் என்பவர் கண்டார். மலத்தில் வெளிவரும் முட்டை ஈரமண்ணில் பொரிக்கிறது. இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுகிறது. பின் குருதியோடு நுரையீரல் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. அங்கே பற்றிக்கொண்டு குருதி உறிஞ்சுகிறது. நெக்கேட்டர் வகைப் புழு ஒன்று நாளொன்றுக்கு 0.03 மில்லிலிட்டர் அளவு குருதியை வீணாக்கும். துபினி கண்ட வகையோ அதைப்போல் ஐந்து மடங்கிற்கும் மேல். கேட்பதற்குச் சிறியது. ஐந்நூறு நெக்கேட்டர் இருந்தால் ஒரு நாளைக்கு 15 மில்லிலிட்டர். ஒரு மாதத்தில் ஏறத்தாழ அரை லிட்டர். சோறும் கருவாடும் உண்டு வாழ்ந்தவர் உடல் இதனை எங்ஙனம் ஈடு செய்யும்?

1899இல் போர்ட்டோ ரிக்கோ தீவில் ஆஷ்போர்டு என்னும் படைமருத்துவர், ஆயிரக்கணக்கில் மடிந்த காப்பித் தோட்ட உழவரின் வெளிறிய நோய்க்கு இப்புழுவே காரணம் என்று கண்டு தைமாலைக் கொடுத்தார். 1909இல் ராக்பெல்லர் பத்து இலட்சம் டாலர் ஒதுக்கி அமெரிக்கத் தென்மாநிலங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினார். 1913இல் அவ்வியக்கம் உலக அளவில் விரிந்தது. பிரித்தானியப் பேரரசின் தோட்டங்கள் அதன் முதல் களங்களில் சிலவாயின.

தோட்டங்கள் எப்படி இருந்தன என்பதை நாம் நூலைப் பார்த்துத் தெரிந்து கொள்ள வேண்டுவதில்லை. லயத்து வரிசைகள், அவற்றின் பின்புறம் புதர், விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் வெறுங்கால்கள், ஆண்டு முழுதும் ஈரம் காயாத நிழல்மண். கொக்கிப்புழு தனக்கென ஓர் இடத்தை வரைந்து கேட்டிருந்தாலும் இதைவிடச் சிறந்ததைப் பெற்றிருக்காது. புழு நோயால் சோர்ந்த தொழிலாளியைத் துரையும் தண்டலும் சோம்பேறி என்றனர். தமிழன் சோம்பேறி என்ற அவச்சொல்லில் எத்துணைப் பங்கு குருதிச்சோகையால் வந்தது என்று எண்ணிப் பார்க்குந்தோறும் உள்ளம் கசக்கிறது. அமெரிக்கத் தென்பகுதியின் ஏழை வெள்ளையரையும் அதே சொல்லால்தான் இகழ்ந்தார்கள். அங்கே செய்தித்தாள்கள் கொக்கிப்புழுவைச் சோம்பல் கிருமி என்றே எழுதின. நோய் ஒன்று, இகழ்ச்சியும் ஒன்று.

1915இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் டார்லிங், பார்பர், ஹேக்கர் என்னும் மூன்று மருத்துவர்களைக் கீழ்த்திசைக்கு அனுப்பினர். அவர்கள் 1917 வரை மலாயா, ஜாவா, பீஜி ஆகிய இடங்களில் தங்கி, தோட்டத் தொழிலாளரிடையே கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தனர். அவர்களுடைய அறிக்கை 1920இல் வெளிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 1916இல் பெருமளவு மருத்துவப் பணி தொடங்கிற்று. அங்கும் மருந்து உண்டவர் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளரே. டார்லிங் குழுவினர் புழு உள்ளதா இல்லையா என்று பார்ப்பதோடு நில்லாமல், வெளியேறிய புழுக்களைக் கழுவி எடுத்து ஒவ்வொன்றாக எண்ணினர். ஒருவர் உடலில் எத்தனை புழு என்பதுதான் நோயின் கடுமையைக் காட்டும் என்பது டார்லிங்கின் உறுதி. அருவருப்பான வேலைதான், ஆனால் எந்த மருந்து சிறந்தது என்று அறிய அதுவே நேர்வழி.

தைமால் உண்ணும் முறை எளிதன்று. முதல் நாள் மாலை பட்டினி, பேதியுப்பு. மறுநாள் காலை, வயது வந்தவருக்கு மொத்தம் 60 கிரெயின் அளவு வரை, அதாவது நான்கு கிராம் அளவுத் தைமால், இரு வேளையாகப் பிரித்து, இரண்டு மணி நேர இடைவெளியில். பின் மீண்டும் பேதியுப்பு. நீரில் கரையாத பொருள் ஆகையால் தைமால் குடலிலேயே தங்கிப் புழுவை மயக்கும். ஆனால் கொழுப்போ சாராயமோ உடன் சென்றால், அதில் கரைந்து குருதியில் கலந்து நோயாளியையே வீழ்த்திவிடும். எனவே எண்ணெயும் மதுவும் அறவே ஆகா என்பது விதி. கள்ளுக்கடை அருகிலேயே இருந்த தோட்டப்புறத்தில் இவ்விதியைக் காப்பது எத்துணை கடினம் என்று சொல்லவும் வேண்டுமா? மருந்துண்ட நாள் வேலைக்குச் செல்லவும் இயலாது.

இதற்கிடையே 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. உலகத்துத் தைமாலில் பெரும்பகுதி செருமனியில் செய்யப்பட்டது. அதற்கு மூலப்பொருள் இந்திய ஓமம். இந்தியாவில் விளைந்த ஓமம் மூட்டை மூட்டையாகச் செருமனிக்குச் சென்று, படிகமாகி, மும்மடங்கு நான்மடங்கு விலையில் பேரரசின் மருந்துக் கடைகளுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது என்று சொன்னால் அது மிகையாகத் தோன்றலாம். விலை மடங்கு எப்படியிருப்பினும், வழி அதுதான். போர் அந்த வழியை அடைத்தது. தைமால் அரிதாயிற்று, விலை ஏறிற்று. ஓமம் விளையும் நாட்டிலேயே ஓம உப்புக்குத் தட்டுப்பாடு! அப்போதுதான் இந்தியாவின் எண்ணெய்ச் செல்வத்தை இங்கேயே ஆராய வேண்டும் என்ற எண்ணம் ஆட்சியாளருக்கு வலுத்தது. 1910 முதல் சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த சைமன்சன், போர்க்காலத்தில் படைத்தளவாட வாரியத்தின் எண்ணெய்ப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். பின்னர் டேராடூன் வன ஆய்வு நிலையத்தில் இந்தியக் காட்டு மரங்களின் எண்ணெய்களை ஆராய்ந்தார். தெர்ப்பீன்கள் பற்றி அவர் எழுதிய பெருநூல் அத்துறையினர்க்கு நெடுங்காலம் துணையாயிற்று. சென்னையில் கற்பித்தவர் என்ற முறையில் அவரை நாமும் நினைவு கூரலாம்.

தைமால் அரிதான இடத்தில் வேறொரு காட்டுச் செடி நுழைந்தது. மெக்சிக்கோ நாட்டவர் எபாசோட்டே என்று பெயரிட்டு, அவரையோடு சேர்த்துச் சமைக்கும் அச்செடியைச் செடியியலார் செனோபோடியம் என்றனர். கீரை இனத்தது, குப்பைமேட்டிலும் வளர்வது, மூக்கைத் துளைக்கும் நாற்றமுடையது. அமெரிக்கப் பழங்குடியினர் அதனைப் புழுவுக்கு மருந்தாக நெடுங்காலமாகக் கொண்டிருந்தனர். மேரிலாந்து மாநிலத்தில் அதனைப் பயிரிட்டு வடித்த எண்ணெய், பால்ட்டிமோர் எண்ணெய் எனப்பட்டது. 1913ஆம் ஆண்டளவில் சுமத்திராவின் டெலி தோட்டப் பகுதியில் பணியாற்றிய ஷூஃப்னர், வெர்வோர்ட் என்னும் மருத்துவர்கள் இவ்வெண்ணெய் கொக்கிப்புழுவை நன்கு வெளியேற்றுகிறது என்று அறிவித்தனர். மலாக்கா நீரிணைக்கு அப்பால் நடந்த அந்தச் சோதனையின் விளைவு விரைவிலேயே இக்கரைக்கும் வந்தது. டார்லிங் குழுவினரும் தைமாலோடு ஒப்பிட்டு எண்ணிப் பார்த்துச் செனோபோடிய எண்ணெய்க்கே முதலிடம் தந்தனர். அளவும் சிறியது: தைமால் கரண்டிக் கணக்கு என்றால் இது துளிக் கணக்கு.

அந்தச் சிறுமையிலேயே இடரும் இருந்தது. இவ்வெண்ணெயின் உயிர்நிலை அஸ்காரிடோல் என்னும் பொருள். பத்துக் கரியணு கொண்ட தெர்ப்பீன்தான். ஆனால் அதன் வளையத்தின் குறுக்கே இரண்டு உயிர்வளி அணுக்கள் கைகோத்துப் பாலம்போல் நிற்கின்றன. வேதியியலார் இத்தகைய பிணைப்பைப் பெராக்சைடு என்பர். 1911இல் வாலாக்கும் அமெரிக்கரான நெல்சனும் தனித்தனியே அதன் அமைப்பை விளக்கினர். செடியில் இயற்கையாகக் கிடைத்த பெராக்சைடுகளில் முதன்முதல் அறியப்பட்டது இதுவே. அந்தப் பாலம் எளிதில் முறியும். அதிகம் சூடாக்கினால் வெடிக்கும். புழுவைக் கொல்வதும் அந்த முறிவே. மனிதனின் செவியையும் நரம்பையும் தாக்குவதும் அதுவே. மருந்தளவுக்கும் நச்சளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. செடி வளர்ந்த மண், அறுத்த பருவம், வடித்த முறை ஆகியவற்றுக்கேற்ப எண்ணெயில் அஸ்காரிடோலின் அளவும் மாறும். நேற்று மருந்தாக இருந்த துளி இன்று நஞ்சாகலாம். காதிரைச்சல், செவிடு, வலிப்பு, சில இடங்களில் இறப்பு என்று பல நாடுகளிலிருந்தும் செய்திகள் வந்தன. மெலிந்த குழந்தைகளே பெரிதும் பாதிக்கப்பட்டனர்.

இந்த வரலாற்றில் பொட்சோலோ, டார்லிங், ஷூஃப்னர் முதலிய பெயர்கள் நிலைத்தன. எண்ணெயை விழுங்கியவர் பெயர்கள் நிலைக்கவில்லை. அவர்கள் வெளியேற்றிய புழுக்களின் எண்ணிக்கையே எஞ்சியது. இதைச் சொல்வதால் அந்த மருத்துவர்களைக் குறை கூறுவதாகக் கொள்ளற்க. நோயைச் சோம்பல் என்று இகழ்ந்த காலத்தில், அது நோய் என்று எண்ணிக் காட்டியவர்கள் அவர்களே. குறை வேறிடத்தில் இருந்தது. மருந்தால் புழு நீங்கியவர் மறுநாளே அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தார். சில மாதங்களில் புழு மீண்டது. கழிப்பிடம் கட்டினாலன்றிப் பயனில்லை என்று ராக்பெல்லர் குழுவினர் இலங்கையில் வற்புறுத்தியபோது, தோட்ட முதலாளிகளில் பலர் செலவுக்கு அஞ்சித் தயங்கினர். ஒரு புட்டி எண்ணெய் மலிவு. லயத்துக்கு லயம் கழிப்பிடமோ முதலீடு. தொழிலாளி நலம் பெற்றால் உழைப்பு மிகும் என்ற கணக்கைக் காட்டித்தான் அவர்களை அசைக்க வேண்டியிருந்தது.

1921இல் அமெரிக்கக் கால்நடை ஆய்வாளர் மாரிஸ் ஹால் கார்பன் டெட்ராகுளோரைடையும், 1925இல் டெட்ராகுளோரெதிலீனையும் புழுமருந்தாகப் புகுத்தினார். செடியெண்ணெய்களின் காலம் மெல்ல மறைந்தது. ஆனால் அஸ்காரிடோலுக்குப் பின்கதை ஒன்று உண்டு. 1944இல் செருமனியில் ஷெங்க், சீக்லர் என்னும் இரு வேதியியலார், ஆல்பா தெர்ப்பினீன் என்னும் பொருளில் இலைப்பச்சையைக் கலந்து, காற்றோட்டத்தோடு வெளிச்சத்தில் வைத்து அஸ்காரிடோலைச் செய்து காட்டினர். இலைப்பச்சை ஒளியை வாங்கி உயிர்வளியைத் தூண்டிவிட, அது தெர்ப்பீன் வளையத்தின் மேல் பாலமாக அமர்கிறது. போர் முடிந்த வறுமைக் காலத்தில், ஷெங்க் இலைகளிலிருந்து எடுத்த பச்சையத்தையும் வெயிலையும் கொண்டே அதனைப் பெருமளவில் செய்தார். செடி தன் இலைக்குள் செய்வதற்கு நெருங்கிய ஒரு வேலையை, அவர் கண்ணாடிக் கலத்தில் செய்துவிட்டார் எனலாம்.

நம்மைச் சுற்றியும் இத்தகைய எண்ணெய்கள் இல்லாமலில்லை. மலேசியக் கடலோரச் சதுப்புகளில் நிற்கும் கெலாம் மரத்தின் இலையிலிருந்து வடிப்பதுதான் காயு பூத்தே எண்ணெய். சிங்கப்பூரின் கம்போங் கிளாம் அம்மரத்தால் பெயர் பெற்றது என்பர். அதன் வரலாறு தனியே எழுதத்தக்கது.

தைமும் தன் குன்றில் இன்றும் வளர்கிறது. ஆனால் எல்லாத் தைமும் தைமால் தருவதில்லை என்பதைப் பிரான்சின் மான்பெல்லியே நகருக்கு வடக்கே ஆராய்ந்தவர்கள் கண்டனர். ஒரே இனச்செடியில் ஆறு வேதியியல் வகைகள் அங்கே உண்டு. வெயில் காயும் மேட்டில் தைமாலும் கார்வக்ராலும் தரும் வகைகள்; குளிர்காலத்தில் உறைபனி தேங்கும் பள்ளத்தில் மென்மணம் தரும் பிற வகைகள். பீனால் வகைச் செடிகள் கடும் உறைபனியைத் தாங்குவதில்லை. 2013இல் வெளிவந்த ஆய்வொன்று, முன்பு அவை காணப்படாத பள்ளப்பகுதிகளில் பீனால் வகைகள் தோன்றத் தொடங்கியுள்ளதைக் காட்டிற்று. கடுங்குளிர் குறைந்து வருவதே அதற்குக் காரணம் என்றும் கூறிற்று. நாய்மன் பிரித்தெடுத்த படிகம் இப்போது மாறிவரும் தட்பவெப்பத்தை அளக்கும் கருவியாகவும் ஆகியிருக்கிறது.

இன்று கொக்கிப்புழுவுக்கு அல்பெண்டசோல் மாத்திரை ஒன்று போதும், பட்டினியுமில்லை, பேதியுப்புமில்லை. தைமாலோ பெரும்பாலும் ஆலைகளில் செயற்கையாகச் செய்யப்பட்டுப் பற்பசைக்கும் வாய்கழுவு நீருக்கும், தேனீக்களைத் தாக்கும் உண்ணியை ஒழிக்கத் தேன்கூட்டுப் பெட்டிக்கும் செல்கிறது. ஆய்வுக்கூடத்துப் புட்டியை அன்று மூடி வைக்குமுன், அந்த மாணவியிடம் அவள் பாட்டி எந்தத் தோட்டத்தில் பிறந்தவர் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை, கேட்டு வந்து சொல்வதாகச் சொன்னாள். மறுவாரம் தோட்டத்தின் பெயரோடு ஒரு கேள்வியையும் கொண்டு வந்தாள்: பாட்டி சிறுமியாக இருந்தபோது, ஆண்டுக்கொருமுறை டிரஸ்சர் வரிசையில் நிறுத்தி வாயில் ஊற்றிய நாற்றமெடுத்த எண்ணெய் எது, ஐயா?